ஆள் இருந்தால் வராத கோளாறு

அந்த வீட்டுக்கு அவர் வருவது இது நான்காவது தடவை. முதல் தடவை மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறியிருந்தார். இரண்டாம் தடவை இரண்டாவது மாடியில் ஒரு நிமிடம் நின்றார். மூன்றாம் தடவை கணினியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருந்ததால் மாடிக்கு மாடி நின்றார். இன்று தோளில் பை மட்டும்தான். இருந்தும் முதல் மாடியிலேயே சுவரில் கை வைத்து நின்றுவிட்டார். முழங்காலைக் குற்றம் சொல்ல முடியாது. மனசுக்குத்தான் ஏறப் பிடிக்கவில்லை.

வாடிக்கைக்காரர்கள் அவரைத் திருப்புளி என்பார்கள். முகத்துக்கு நேரே திருப்புளி அண்ணன். இருபத்தாறு வருடமாக, சட்டைப் பையில் பேனா குத்த வேண்டிய இடத்தில் சின்னத் திருப்புளி ஒன்றைக் குத்தி வைத்திருக்கிறார். ஒருமுறை தபால்காரர் கையெழுத்து கேட்டபோது அதைத்தான் எடுத்துத் தாளின் மேல் வைத்தார். தபால்காரர் ஊர் முழுக்கச் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது.

கதவைத் திறந்தது நாத்தனார். அந்த வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி அண்ணி, கணினியில் தட்டச்சு செய்பவள். மற்றவள் அவளுடைய கணவனின் தங்கை. உணவகங்களின் சீருடைகளை வாங்கிவந்து தேய்த்துக் கொடுப்பவள். கணவன் கப்பலில் சமையல்காரன். எட்டு மாதம் கடல், நான்கு மாதம் வீடு. இது கடல் மாதம். ஒரே அறையாக இருந்ததை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கி, ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள்.

"வாங்கண்ணே, வாங்க. படி ஏறி வேர்த்துப்போச்சே," என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் தன் பக்கம் போனாள். பலகைக்கு அப்பால் புஸ் புஸ்ஸென்று கேட்டுக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றது. ஒரு நாற்காலி வந்தது. நாற்காலியின் மேல் போட ஒரு தலையணை வந்தது. சமையலறையில் தேநீருக்குப் பாத்திரம் உருண்டது.

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. காதில் ஒலிக்கருவி, காலடியில் ஒரு மிதி. மிதியை அழுத்தினால் பதிவு பேசும், காலை எடுத்தால் நிற்கும். கால் கேட்க, கை தட்ட, முகம் மட்டும் எங்கேயோ இருந்தது.

"இன்னைக்கு எத்தனை தடவைம்மா?"

ஒரு காதை மட்டும் விடுவித்தாள். "மூணு. கடைசியா பதினொன்னு நாப்பதுக்கு. நோட்டுல எழுதியிருக்கேன்."

"இப்ப மணி ஒண்ணு. ஒண்ணும் ஆகலையா?"

"நீங்க வர்றது அதுக்குத் தெரிஞ்சிருக்கும். இனிமே எவ்வளவு சமர்த்தா இருக்கும் பாருங்க."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. கேலி செய்யக்கூடத் தெம்பில்லாத குரல். அதுதான் திருப்புளியைக் குத்தியது.

கணினி நின்று தானே எழுந்துகொள்வதில் இரண்டு விதம் உண்டு. தூங்கப் போகிறவன் விளக்கை அணைத்து, கதவைத் தாழிட்டு, செருப்பை ஓரமாக விட்டுப் படுப்பான். மயங்கி விழுகிறவன் விழுந்த இடத்தில் கிடப்பான். உள்ளே இருக்கும் மென்பொருளில் கோளாறு என்றால், கணினி சாகும் முன் ஒரு நீலத்திரை காட்டும், ஏதோ ஒரு எண்ணை முணுமுணுக்கும், நாட்குறிப்பில் காரணம் எழுதிவைக்கும். இந்தக் கணினி அப்படி எதுவும் செய்யவில்லை. அதன் நாட்குறிப்பைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்கியம்தான்: முந்தைய நிறுத்தம் எதிர்பாராதது. எழுந்த பிறகு எழுதிய குறிப்பு அது. மயங்கி விழுந்தவனிடம் என்னப்பா ஆச்சு என்று கேட்டால், அவன் நம்மையே திருப்பிக் கேட்பானே, அந்த மாதிரி.

முதல் தடவை திருப்புளி சூடு என்றார். சூடானால் கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நிற்கும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார், தூசியைத் தூரிகையால் தள்ளினார், மூளைச் சில்லின் மேல் காய்ந்திருந்த பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினார். இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். ஓடியது. "இனிமே பிரச்சனை இருக்காதும்மா, நிச்சயமா," என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே நின்றது.

இரண்டாம் தடவை ரேம் என்றார். ஒவ்வொரு சில்லாகப் போட்டு நான்கு மணி நேரம் சோதனை ஓட்டினார். ஒரு தவறும் இல்லை. பவர் சப்ளையில் மீட்டரை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு புள்ளி ஒன்று, ஆடாமல் அசையாமல். வேறு எதுவும் தோன்றாததால், "உங்க முழங்கால் ரீஸ்டார்ட் பட்டன்ல படுதோ என்னவோ," என்றார். அண்ணி தன் முழங்காலைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அந்தப் பொத்தானின் கம்பியையே பிடுங்கி விட்டுவிட்டு, "நிச்சயமா இனிமே வராது," என்றார். மூன்றாம் நாள் வந்தது.

அப்புறம் கணினியை ஆட்டோவில் கடைக்கு அனுப்பச் சொன்னார். நான்கு நாள் மேசையில் இரவு பகலாக ஓடியது, ஒரு தும்மல்கூட இல்லை. திரும்பக் கொண்டுவந்து மாட்டி, இன்னொரு 'நிச்சயமா' சொல்லிவிட்டு, அவர் படி இறங்கி, பேருந்து ஏறி, பாதி வழி போவதற்குள் தொலைபேசி அடித்தது.

அந்த நான்கு நாளின் கணக்கு அவர் மனதில் முள்ளாக இருந்தது. அண்ணிக்கு வேலை கொடுப்பது ஒரு எழுத்தாக்க நிறுவனம். மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் கருவியில் பேசிவைப்பதை இவள் கேட்டுத் தட்டி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நேரக்கெடு. தவறினால் பெயருக்கு நேரே ஒரு குறி. மூன்று குறி விழுந்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். கூப்பிட்டுத் திட்டமாட்டார்கள், காரணம் கேட்கமாட்டார்கள். மறுநாள் காலை கோப்பு வராது, அவ்வளவுதான். அண்ணியின் பெயருக்கு நேரே ஏற்கெனவே இரண்டு குறி. அதில் ஒன்று, கணினி அவர் கடையில் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்த நான்கு நாளில் விழுந்தது.

இன்றைய கோப்புக்குக் கெடு ஐந்து மணி.

இதில் இன்னொரு இக்கட்டும் இருந்தது. நிறுவனத்தின் பக்கத்தில் உள்ளே நுழைந்தவர் சொல்லிக்கொண்டு வெளியே வர வேண்டும். கணினி திடீரென்று நின்றால் சொல்லிக்கொள்ள ஏது நேரம்? அந்தப் பக்கத்தைப் பொறுத்தவரை அவள் இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பப் போய்த் தட்டினால், 'உள்ளே ஆள் இருக்கிறார், இருபது நிமிடம் கழித்து வரவும்' என்று சொல்லும். அந்த ஆளே நான்தான் என்று சொல்ல வழியில்லை. ஆக, கணினி எழுந்துகொள்ள ஒரு நிமிடம், அண்ணி உள்ளே போக இருபது நிமிடம்.

தேநீர் வந்தது. குடித்துக்கொண்டே திருப்புளி நோட்டைப் புரட்டினார். தேதி, மணி, நிமிடம். கோடு போட்டு அழகாக எழுதியிருந்தாள். ஒரு நாளில் மூன்று, ஒரு நாளில் ஐந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுமில்லை.

"ஞாயித்துக்கிழமை நீங்க வேலை செய்ய மாட்டீங்களாம்மா?"

"செய்வேனே. அன்னைக்குத்தான் கோப்பு ஜாஸ்தி."

"அன்னைக்கு நிக்கலையே."

"நிக்கல. அதுக்கும் லீவு போலிருக்கு."

ஞாயிறு இல்லை. தான் வந்து உட்கார்ந்திருந்த நேரங்களிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கும் தனக்கும் என்ன பொருத்தம் என்று திருப்புளி யோசித்தார். எவ்வளவு யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. கழற்றுவதற்கு இனி எதுவும் மிச்சமில்லை. செய்யக்கூடியது ஒன்றுதான், உட்கார்ந்து பார்ப்பது. நாற்காலியைத் திரைக்கு நேராகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அண்ணியின் விரல்கள் ஒரே சீராகத் தட்டின. அந்தச் சத்தம் தகரக் கூரையில் சின்ன மழை மாதிரி இருந்தது. தலையணை மெத்தென்று இருந்தது. காலையிலிருந்து அவர் ஏறிய படிகள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் கண்ணிமையில் வந்து உட்கார்ந்தன. ஒரு நிமிடம் மூடினால் என்ன என்று மூடினார்.

பீப் என்று ஒரு சத்தம். கணினி எழுந்துகொள்ளும்போது ஒரே ஒருமுறை போடும் சத்தம். இருபத்தாறு வருடமாகக் கேட்ட சத்தம். சொந்தப் பிள்ளை அழுதால்கூட அவ்வளவு வேகமாக எழுந்திருக்க மாட்டார். கண்ணைத் திறந்தபோது திரை கறுப்பாக இருந்தது. அண்ணியின் இரண்டு கையும், சுடும் பாத்திரத்தைத் தொட்டவள் மாதிரி விசைப்பலகைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றிருந்தன. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஐம்பது.

"யாரும் அசையாதீங்க," என்றார் திருப்புளி.

அண்ணி அசையவில்லை. அவளுக்கு அசையவும் தோன்றவில்லை.

"இப்ப, இந்த நிமிஷம், யார் யார் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"நான் தட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க குறட்டை விட்டுக்கிட்டு இருந்தீங்க."

பலகைக்கு அப்பாலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "நான் ஒண்ணும் பண்ணலையேண்ணே. சும்மா தேய்ச்சுக்கிட்டு இருந்தேன்."

திருப்புளி எழுந்து பலகையைச் சுற்றிக்கொண்டு போனார். நாத்தனார் ஒரு கையில் இஸ்திரிப் பெட்டியோடும் மறு கையில் வெள்ளைச் சட்டையின் காலரோடும் நின்றாள். பெட்டியில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நான் வந்ததுல இருந்து இது ஓடலையே?"

"எப்படிண்ணே ஓடும்? நீங்க வந்ததும் நிறுத்திட்டேனே."

"ஏன்?"

அவள் இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தாள். "வீட்டுக்கு ஒருத்தர் வந்திருக்காரு. அவரை உட்கார வச்சுட்டு, முதுகுக்குப் பின்னாடி புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி விட்டுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? இப்ப நீங்க அசந்து தூங்கிட்டீங்க. சரி, முழிக்கிறதுக்குள்ள நாலு சட்டையாவது ஆகட்டும்னு போட்டேன்."

"முதல் தடவை வந்தப்போ?"

"நிறுத்திட்டேன்."

"ரெண்டாவது தடவை? நாலு மணி நேரம் இருந்தேனே."

"நிறுத்திட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். அன்னைக்கு இருபது சட்டை பாக்கி. நீங்க எப்படா கிளம்புவீங்கன்னு இருந்துச்சு. தப்பா நினைச்சுக்காதீங்க."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை துணி வராதுண்ணே."

திருப்புளி அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷப்படுவதற்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது, அது வரட்டும் என்று காத்திருந்தார்.

அதற்குள் அண்ணி வந்து பலகை ஓரத்தில் நின்றாள். ஒலிக்கருவி கழுத்தில் தொங்கியது. "ஒண்ணரை மாசம்," என்றாள்.

"என்னை ஏன் அண்ணி அப்படிப் பார்க்கிறீங்க? எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு இங்கிருந்து தெரியுதா?"

"நின்னா நான் பெருமூச்சு விடுறதாவது கேக்கும்ல?"

"கேக்கும். டாக்டர் யாருக்கோ ஏதோ கெட்ட சேதி சொல்லியிருக்காரு போலன்னு நினைச்சுக்குவேன். உங்களுக்கு இளகின மனசுன்னு."

அண்ணி வாயைத் திறந்து மூடினாள். திட்டத்தான் திறந்தாள். திட்டுவதற்கு உள்ளே ஒன்றும் மீதமில்லை. "உன் பெட்டி சத்தம் எனக்கும்தான் கேக்கல. காதுல எந்நேரமும் இது," என்று ஒலிக்கருவியைத் தொட்டுக் காட்டினாள். ஐந்தடிக்குள் இரண்டு பேரும் ஒன்றரை மாதம் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

"சரி, இப்ப நான் என்ன பண்ணணும்? நிறுத்திடவா?" என்றாள் நாத்தனார். இஸ்திரிப் பெட்டியின் விளக்கு அணைந்திருந்தது. அவள் அணைக்கவில்லை. பெட்டிக்குள் இரண்டு உலோகத்தை ஒட்டிச் செய்த ஒரு சின்னப் பட்டை இருக்கிறது. சூடு ஏறினால் அது வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறினால் நிமிர்ந்து மறுபடி சேர்க்கும். தேய்க்கிற நேரமெல்லாம் இந்தப் பட்டை தானாக வளைந்து நிமிர்ந்துகொண்டே இருக்கும். நிமிரும் ஒவ்வொரு தடவையும் பெட்டி ஒரு பெரிய வாய் மின்சாரத்தைக் கேட்கும்.

திருப்புளி எழுந்தார். "எத்தனை மணிக்கு உள்ளே விடும்?"

"மூணு பத்துக்கு."

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

அண்ணி மனதுக்குள் கணக்குப் போட்டாள். "இருபத்தஞ்சு நிமிஷப் பேச்சு. ஒரு நிமிஷப் பேச்சுக்கு எனக்கு நாலு நிமிஷம் ஆகும். நூறு நிமிஷம். நாலு அம்பதுக்கு முடியும்."

பத்து நிமிடம் மிச்சம். இன்னொரு தடவை விழுந்தால் இருபது நிமிடம் போய்விடும். மூன்று பேரும் மனதுக்குள் கழித்துப் பார்த்தார்கள்.

திருப்புளிக்கு ஒரு பழக்கம் உண்டு. ப்ளக்கோடு நின்றுவிடுவார். ப்ளக்குக்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் தன் வேலை, சுவருக்குள் இருப்பது எலக்ட்ரீசியன் வேலை. தொழில் கற்றுக்கொண்ட நாளில் யாரோ போட்ட கோடு; அதைத் தாண்டி அவர் ஒருநாளும் திருப்புளியை நீட்டியதில்லை. மூன்று தடவை கணினியை அக்கக்காகக் கழற்றியவர், அது மாட்டியிருந்த சுவர்ப் பெட்டியை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மெயின் எங்கம்மா இருக்கு?"

வாசல் கதவுக்கு மேலே இருந்தது. அணைத்தார். மின்விசிறி சோர்ந்து நின்றது. டெஸ்டரை வைத்து, மின்சாரம் இல்லை என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, அண்ணியின் மேசைக்குக் கீழே முழங்காலை மடக்கிப் படுத்தார். அதற்கே மூச்சு வாங்கியது. சுவர்ப் பெட்டியின் இரண்டு திருகைக் கழற்றி மூடியை இழுத்ததும் கருகிய வாடை வந்தது.

"கொஞ்சம் டார்ச் அடிங்கம்மா."

நாத்தனார் குனிந்து அடித்தாள். உள்ளே இரண்டு கம்பிகள் மெயினிலிருந்து வந்தன. அங்கிருந்து வேறு இரண்டு கம்பிகள் பலகையைத் தாண்டி நாத்தனாரின் பக்கம் போயின. அறையை இரண்டாக்கியபோது புதிதாக இழுப்பதற்குச் சோம்பல்பட்டு, இருந்ததிலிருந்தே ஒட்டு எடுத்திருக்கிறார்கள். ஒரு கம்பியைப் பிடித்திருந்த திருகை அவர் விரலால் தொட்டார். விரலுக்கே சுழன்றது. கம்பியின் நுனி கறுத்துப் பொடிந்திருந்தது.

"பாருங்க," என்றார். களைப்பையும் மீறிக் குரலில் ஒரு ஆசை வந்தது. ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் அவருக்கு வரும் ஆசை. "உங்க பெட்டிக்குப் போற கரண்ட் எல்லாம் இந்தத் திருகு வழியாத்தான் போகுது. உங்க அண்ணி கம்ப்யூட்டரும் இதே திருகுதான். திருகு லூசு. கம்ப்யூட்டர் மட்டும் இழுத்தா தாங்கும், அது கொஞ்சமா குடிக்கிற ஜாதி. உங்க பெட்டி பெரிய வாயால ஒரு இழு இழுக்கும்போது இங்க ஒரு பொறி பறக்குது. ஒரு கண்ணிமைக்கும் நேரம்கூட இல்ல, அதுல ஒரு துண்டு நேரம் கரண்ட் விட்டுப்போகுது."

"அவ்வளவு சின்ன நேரத்துக்கா நிக்கும்?" என்றாள் அண்ணி.

"நிக்கக் கூடாது. மொட்டைமாடில தண்ணித் தொட்டி இருக்கில்ல? மோட்டார் ஒரு நிமிஷம் நின்னா உங்க குழாய்ல தண்ணி நின்னுடுதா? தொட்டியில இருக்கிறது வரும். அந்த மாதிரி பவர் சப்ளைக்குள்ள ஒரு கெபாசிட்டர் இருக்கு. கரண்டைத் தேக்கி வச்சுக்கும். நடுவுல துளி விட்டுப்போனா அதுதான் சமாளிக்கும். உங்களுது எத்தனை வருஷம் ஓடுது?"

"ஒம்பது."

"உள்ள காய்ஞ்சு போயிருக்கும். தொட்டி இருக்கு, தண்ணி நிக்க இடமில்ல. என் மீட்டருக்கு இது தெரியாது. அது மெதுவா எண்ணுற மிஷின். அது எண்ணி முடிக்கிறதுக்குள்ள எல்லாம் நடந்து முடிஞ்சிடும்."

"ஆக, அதுக்கும் தெம்பில்ல," என்றாள் நாத்தனார்.

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அண்ணி டார்ச்சை வாங்கி, அவருக்கு இன்னும் வாகாகப் பிடித்தாள்.

கருகிய நுனியை வெட்டினார். புதிய செம்பு தெரியும்வரை உறையைச் சீவினார், முறுக்கினார், திருகின் கீழே செருகி இறுக்கினார். மணிக்கட்டு வலிக்கும்வரை இறுக்கினார். மூடியை மாட்டிவிட்டு, மேசையின் காலைப் பிடித்து எழுந்து, மெயினைப் போட்டார். மின்விசிறி மறுபடி சுற்றியது. கடிகாரத்தில் மூன்று எட்டு.

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து ஒலிக்கருவியை எடுத்தாள். காதில் வைக்கவில்லை. "அண்ணே, நிச்சயமா சொல்லுங்க. இனிமே நிக்காதுல்ல?"

திருப்புளி துணியால் கையைத் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார்.

"நிச்சயமா சொல்ல மாட்டேம்மா. மூணு தடவை சொல்லியாச்சு. திருகு நல்லா பிடிச்சிருக்கு, அது எனக்குத் தெரியும். பவர் சப்ளை பழசு, அதுவும் தெரியும். புதுசு கடையில இருக்கு, போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள அஞ்சு மணி தாண்டிடும். நாளைக்குக் காலையில மாத்திடுறேன். இன்னைக்கு என்ன பண்ணலாம்னா..." அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். "அந்தப் பெட்டி இந்தக் கம்பியைத் தொடவே வேண்டாம். சமையலறைக்குக் கம்பி மெயின்ல இருந்து தனியா வருது, பார்த்தேன்."

"வேணாண்ணே," என்றாள் நாத்தனார். "அஞ்சு மணி வரைக்கும் நிறுத்தியே வச்சிடுறேன். எதுக்கு வம்பு?"

"துணி எடுக்க வேன் எத்தனை மணிக்கு வரும்?" அண்ணி திரும்பாமல் கேட்டாள்.

நாத்தனார் குனிந்து பெட்டியின் கம்பியைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"கேக்கிறேன்ல?"

"ஆறு மணிக்கு."

"எத்தனை சட்டை இருக்கு?"

"முப்பத்திரண்டு."

அண்ணி ஒரு கணம் கண்ணை மூடினாள். ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் ஆறு மணிக்குள் முப்பத்திரண்டு சட்டை எந்தக் கையாலும் ஆகாது. "சமையலறையில போடு," என்றாள். "அண்ணன் தூக்கிக் கொடுப்பாரு." ஒலிக்கருவியைக் காதில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அவளிடம் யாரும் பேச முடியாது.

தேய்க்கும் பலகையைத் திருப்புளியும் நாத்தனாரும் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கினார்கள். சமையலறையில் இடமில்லை. பாதி உள்ளே, பாதி வாசல் கதவை ஒட்டிய நடையில் என்று குறுக்காகத்தான் நின்றது. அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் குனிந்து போக வேண்டும். நாத்தனார் ப்ளக்கைச் செருகிவிட்டு, பொத்தானில் விரலை வைத்து, திருப்புளியைப் பார்த்தாள். அவர் கணினித் திரை தெரியும் இடத்தில் போய் நின்றுகொண்டு தலையாட்டினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணியின் விரல்கள் நிற்கவில்லை. விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தது. விரல்கள் நிற்கவில்லை.

திருப்புளி கிளம்பியிருக்கலாம். இன்னும் இரண்டு வீட்டில் அவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் தொலைபேசியில் நாளைக்கு என்று சொல்லிவிட்டு, தலையணை போட்ட நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஒரு கோளாறு இருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு தடவை நின்றால் போதும். அது இல்லை என்று தெரிந்துகொள்ள எத்தனை தடவை நிற்காமல் இருக்க வேண்டும்? அதற்கு ஒரு கணக்கும் கிடையாது. உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். நடையிலிருந்து புஸ்ஸென்று கேட்கும்போதெல்லாம் அவர் திரையைப் பார்த்தார். அவருக்கு இப்போது தூக்கமும் வரவில்லை.

நான்கு மணிக்கு மேல் அண்ணி ஒரே இடத்தில் மிதியை மூன்று நான்கு தடவை அழுத்தி எடுத்தாள்.

"என்னம்மா ஆச்சு?" திருப்புளி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"டாக்டர் எதையோ மென்னுக்கிட்டே பேசுறாரு. நோயாளிக்கு எத்தனை சொட்டு மருந்துன்னு இவர் முழுங்கினாத்தான் தெரியும்." இன்னொருமுறை மிதித்தாள். "முழுங்கிட்டாரு. ரெண்டு சொட்டு."

நடையில் நாத்தனார் சிரித்தது கேட்டது. அண்ணியின் தோள் கொஞ்சம் இறங்கியது. அன்று முழுக்க அது காதோடு ஒட்டிக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் திருப்புளியின் கண்ணில் பட்டது.

நான்கு நாற்பது. நான்கு நாற்பத்தைந்து. ஐம்பதுக்கு முடியும் என்று சொன்னது முடியவில்லை. டாக்டர் மென்றதில் மூன்று நிமிடம் போயிருந்தது. நான்கு ஐம்பத்து மூன்றுக்கு அண்ணி கடைசி முற்றுப்புள்ளியை வைத்தாள், அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. மூன்று பேர் இருந்த வீட்டில், அந்த வட்டம் சுற்றிய நேரம் முழுக்க ஒருவரும் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. இஸ்திரிப் பெட்டி மட்டும் புஸ்ஸென்றது.

பெறப்பட்டது, என்று வந்தது.

அண்ணி அந்த ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து முறையாகச் சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள். கணினியை அணைத்தாள். அது தானாக நிற்காமல், அவள் சொல்லி நின்றது. காலை மிதியிலிருந்து எடுத்து நாற்காலியின் மேல் மடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்தாள்.

"நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு வர்றேம்மா," என்றார் திருப்புளி.

"வாங்கண்ணே." கண்ணைத் திறக்கவில்லை. "படி ஏறும்போது மெதுவா வாங்க. நாங்க எங்கயும் போகல."

அவர் பையை மாட்டிக்கொண்டு நடைக்கு வந்தார். தேய்க்கும் பலகை வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் தேய்த்த சட்டைகள் அடுக்காக இருந்தன. தேய்க்காதவை ஏழோ எட்டோதான் மிச்சம். அவரைக் கண்டதும் நாத்தனாரின் கை தன்னால் ப்ளக்கை நோக்கிப் போனது. வழியனுப்புகிறபோது வேலை செய்துகொண்டிருக்கக் கூடாது.

கை பொத்தானைத் தொட்டது. அங்கேயே ஒரு நொடி நின்றது. பிறகு திரும்பி வந்து, பலகையில் கிடந்த சட்டையின் தோளை நீவிவிட்டது.

"போய்ட்டு வாங்கண்ணே," என்று அவள் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

திருப்புளி குனிந்து பலகைக்குக் கீழே நுழைந்து வெளியே வந்தார். முழங்கால் முறையிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். இரண்டாவது மாடி வரைக்கும் அந்தச் சத்தம் புஸ் புஸ்ஸென்று அவர் கூடவே வந்தது.